வாக்குத்தத்த அட்டையும் எரேமியா எழுதுன லெட்டரும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு ஆன்மிகப் பக்கத்துல கர்த்தருடைய வேளைக்கு காத்திருக்கிறத பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா கடைசில பைபிள்ல எரேமியா தீர்க்கதரிசி புஸ்தகத்துல, உங்க மேல எனக்கு இருக்கிற நினைவு தீமைக்கில்லன்னு கர்த்தர் சொல்ற 29:11 வசனத்த மட்டும் தனியா பிச்சு எடுத்து இந்த வருஷமே உங்க காத்திருப்பு முடியும்னு போட்டுட்டாங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

இங்க தாராவில டிசம்பர் 31 ராத்திரி வாட்ச் நைட் ஆராதனை முடிஞ்சதும் தாம்பாளத்துல பைபிள் வசனம் அடிச்ச வாக்குத்தத்த அட்டைய கவுத்து வச்சிருப்பாங்க, ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். 29:11 வந்துட்டா போதும், லாட்டரி அடிச்ச சந்தோஷம், மறுநாளே லேமினேஷன் போட்டு சுவத்துல மாட்டிடுவாங்க. எங்க சந்துல ஒரு அக்கா வீட்ல பழைய அட்டையெல்லாம் வரிசையா தொங்குது, மகளுக்கு இன்னும் வரன் அமையல. ஜெபத்துக்கு வர்றவங்க "கர்த்தருடைய வேளை வரும்க்கா"ன்னு சொல்லி டீய குடிச்சிட்டு கிளம்பிடுறாங்க, ஒரு ஊழியக்காரர் அதுக்கும் மேல போயி ஆறு மாசத்துல தாலி ஏறும்னு சயான் ரயில்வே ஸ்டேஷன் இண்டிகேட்டர்ல ரயிலுக்கு போடுற மாதிரி டைம் போட்டுட்டு போனாரு. ஆறு மாசம் ஆச்சு, ஒண்ணும் நடக்கல, அந்தம்மா அவர ஒரு வார்த்தை கேக்கல, தன் விசுவாசம் பத்தலன்னு தன்னையே நொந்துக்கிச்சு. அந்தப் பொண்ணு நர்ஸ் வேலை பாத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமையானா சண்டே ஸ்கூலும் எடுக்குது, அத பத்தி மட்டும் எவனும் வாய தொறக்க மாட்டான்.

29:11க்கு முந்தின வசனத்த அட்டைல போடவே மாட்டாங்க. பாபிலோன்ல 70 வருஷம் முடிஞ்ச பிறகுதான் ஊர் திரும்புவீங்கன்னு இருக்கு! அந்த லெட்டர் பாபிலோனுக்கு சிறைபிடிச்சு கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா எருசலேம்லேர்ந்து எழுதுனது, அத வாங்கிப் படிச்ச பெரியவங்க முக்கால்வாசி பேரு அங்கயே செத்துத்தான் போயிருப்பாங்க, ஊர் திரும்புறது பிள்ளைங்க பேரப்பிள்ளைங்க காலத்துல. அப்படிப்பட்டவங்களுக்குத்தான் உங்க மேல எனக்கு இருக்கிற நினைவு தீமைக்கில்லன்னு கர்த்தர் சொல்றாரு.

இன்னும் ஒரு அதிகாரம் முன்னாடி போங்க. அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி ஆலயத்துல எல்லாருக்கும் முன்னாடி, பாபிலோனுக்கு போனதெல்லாம் ரெண்டே வருஷத்துல திரும்பி வந்துரும்னு சொல்லி, பாபிலோனுக்கு அடங்கி இருக்கணும்ங்கிறதுக்கு அடையாளமா எரேமியா கழுத்துல கெடந்த மர நுகத்தையும் பிடுங்கி ஒடைக்கிறான். எரேமியா மொதல்ல என்ன சொன்னாரு தெரியுமா, ஆமென், கர்த்தர் அப்படியே செய்யட்டும்னாரு. அவருக்கும் ஆசைதான். ஆனா கர்த்தர் அனனியாவ அனுப்பவே இல்ல, அவன் அந்த வருஷமே செத்தும் போனான். நம்ம கன்வென்ஷன்ல ரெண்டு வருஷம்னு சொல்றவருக்குத்தான் கைத்தட்டு விழும், 70னு சொன்னா காணிக்கை பைல என்ன விழும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அதுக்காக எல்லாம் அவர் பாத்துப்பாருன்னு கால நீட்டி உக்காரவும் எரேமியா சொல்லல. வீட்ட கட்டுங்க, தோட்டம் போடுங்க, போயிருக்கிற பட்டணம் நல்லா இருக்க ஜெபம் பண்ணுங்கன்னுதான் எழுதுறாரு. திருநெல்வேலிலேர்ந்து பொழப்பு தேடி பம்பாய் வந்தவங்களுக்கு இதவிட பொருத்தமா யாரு எழுதிட முடியும் சொல்லுங்க.

32ஆம் அதிகாரம் எனக்கு இன்னும் பிடிக்கும். எருசலேம எதிரி சேனை சுத்தி நிக்குது, எரேமியா காவல்ல கெடக்காரு, அந்த நேரத்துல போயி 17 சேக்கல் (அந்தக் காலத்து எடை) வெள்ளி குடுத்து தன் சொந்த ஊரு ஆனதோத்துல, ஜனங்க மறுபடி இங்க குடியிருப்பாங்கன்னு நம்பி நிலம் வாங்குறாரு, பத்திரத்துக்கு சாட்சி கையெழுத்து வாங்கி, ரொம்ப நாள் கெடாம இருக்க மண்பாண்டத்துல போட்டு வைக்கச் சொல்றாரு. தாராவிக்காரனுக்கு இது நல்லா புரியும். எங்க ஏரியா மறுசீரமைப்புக்கு அரசாங்கம் 2004லயே ஓகே சொல்லிருச்சு, இப்போதைய திட்டத்துக்கு வீடு வீடா சர்வே ஆரம்பிச்சது 2024 மார்ச்சுல. 2000 ஜனவரி 1க்கு முன்னாடியே இருந்தோம்னு காட்ட பழைய லைட் பில்லு, ரேஷன் கார்டு எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி டிரங்கு பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டு கெடக்கோம். ஜெபமும் பண்றோம், பேப்பரையும் பத்திரமா வைக்கிறோம், அது அவிசுவாசம்னு எந்த பாஸ்டராவது சொன்னா இந்த அதிகாரத்த அவருக்கு காட்டுங்க.

காத்திருக்கிறவங்க பொலம்பவே கூடாதுங்கிறதும் தப்பு. எதுவரைக்கும் என்னைய மறந்திருப்பீர்னு தாவீதே 13ஆம் சங்கீதத்துல கேட்டிருக்காரு, கர்த்தர் அவர ஒண்ணும் தள்ளிவிடல. அந்த அக்கா கேட்டா மட்டும் குத்தமா?

அடுத்த வாரம் அந்த பக்கத்துல 28, 29, 32 மூணு அதிகாரத்தையும் சேத்து எழுதச் சொல்லுங்க ஐயா. அப்புறம் சபை மூப்பர்களுக்கு ஒரு வேண்டுகோள், இந்த டிசம்பர்ல அட்டை அடிக்க குடுக்கும்போது 29:10ஐயும் சேத்தே பிரிண்ட் பண்ணுங்க, அட்டைல இடம் இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாராவி, மும்பை