சோளக்காட்டு நடுவிலும் பார்க்க இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையைப் படித்தேன். நடு மாநிலங்களில் சோளக்காட்டைத் தவிர ஒன்றுமில்லை, விமானத்தில் தாண்டிப் போய்விடலாம் என்று அதில் எழுதியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

போன ஜூன் மாதம் மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் இருவர், நான், என் மனைவி என்று ஆறு பேர் கேம்பர் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஓக்லஹோமாவிலிருந்து நெப்ராஸ்கா வரை போனோம். அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. கேஸில் ஓடும் அந்த ஃபிரிட்ஜ், வண்டி சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது. முதல் ராத்திரி அது தெரியாமல் பால் திரிந்துபோனது. அப்புறம் தினமும் சக்கரத்தடியில் கட்டை வைத்து மட்டம் பார்ப்பது என் வேலையாகிவிட்டது.

ஓக்லஹோமாவில் கட்டூசா என்ற ஊரில், 66-ஆம் நெடுஞ்சாலையோரம் ஒரு குளத்தில் 80 அடி நீளமுள்ள நீல நிறத் திமிங்கலச் சிலை வாயைப் பிளந்து நிற்கிறது. திமிங்கலப் பொம்மைகள் சேர்க்கும் தன் மனைவி செல்டாவுக்குத் திருமண நாள் பரிசாக ஹியூ டேவிஸ் என்பவர் கட்டியது. 1972-இல் முடித்திருக்கிறார். வாய்க்குள் நின்று பேரன் கத்தியதில் குளத்து வாத்தெல்லாம் பறந்தன.

நான் எழுத உட்கார்ந்ததே கேன்சஸ் மாநிலத்துக் காக்கர் சிட்டிக்காகத்தான். அங்கே கூரைக்கொட்டகை ஒன்றில் ஒரு கயிற்று உருண்டை இருக்கிறது. ஃபிராங்க் ஸ்டோபர் என்ற விவசாயி, வைக்கோல் கட்டும் துண்டுக் கயிறுகளை வீணாக்க மனமில்லாமல் 1953-இல் சுற்ற ஆரம்பித்தாராம். 1961-இல் ஊருக்கே கொடுத்துவிட்டார். இன்றும் வருகிறவர்கள் சுற்றுகிறார்கள், ஆகஸ்டில் ஊரே கூடிச் சுற்றுகிறது. எடை 9 டன்னைத் தாண்டிவிட்டது.

நான் ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே தபால் பிரிவில் 31 வருஷம் சார்ட்டராக, அதாவது தபால்களை ஊர்வாரியாகப் பிரிப்பவனாக இருந்தவன். தபால் கட்டுக்கும் பையின் வாய்க்கும் கயிறு போட்டுப் போட்டு ஆள்காட்டி விரலில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த உருண்டையைத் தொட்டதுமே தெரிந்தது, அது சணல் இல்லை, கற்றாழை நார். சணலைவிட முரடு, பழசான இடத்தில் சாம்பல் நிறம், புதுசு சுற்றிய இடத்தில் வைக்கோல் மஞ்சள். வெயில் பட்ட பக்கம் மாட்டுக்கொட்டில் வாசனை. பொறுப்பாளரிடம் கேட்டுக் கொஞ்சம் கயிறு வாங்கினோம். பழைய நுனியோடு அதை முடிச்சுப் போட நான் சொல்லிக்கொடுக்க, பேத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். முதல் முடிச்சு நழுவியது, இரண்டாவது நின்றது. அப்புறம் உருண்டையைச் சுற்றி ஓடினாள். வேலையை விட்டு இத்தனை வருஷம் கழித்து என் முடிச்சு யாருக்கோ வேண்டியிருந்தது என்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கடைசியாக நெப்ராஸ்காவில் அலையன்ஸ். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தைப் போலவே பழைய கார்களுக்குச் சாம்பல் பெயின்ட் அடித்து நட்டு வைத்திருக்கிறார்கள். ஜிம் ரைண்டர்ஸ் என்பவர் 1987-இல் சொந்தபந்தங்களைக் கூட்டி, இறந்துபோன தன் அப்பாவின் நினைவாக எழுப்பியது. பொழுது சாயும் நேரத்தில் அங்கே நில்லுங்கள், கார் என்பதே மறந்துவிடும்.

மூன்று இடத்திலும் டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய், அவர்கள் வேலைக்குப் போனதும் மாதக்கணக்கில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர். அவர்களுக்காகவாவது இந்த ஊர்களைப் பற்றி ஒரு பக்கம் போடுங்கள். பேத்தி முடிச்சுப் போடும் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்