வேறுபாட்டு அட்டவணை கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

செவிலியர் படிப்பின் முதலாண்டு மாணவியருக்கு உயிரியல் எடுக்கப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. நான் வகுப்பில் போட்டுக் கொடுத்த வேறுபாட்டு அட்டவணைகளைத் தேடி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அவற்றை அனுப்பப் போவதில்லை. ஏன் என்று கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்.

அட்டவணையின் நடுவே ஒரு கோடு ஓடுகிறது அல்லவா, பாதிக் குழப்பத்துக்கு அதுதான் காரணம். இடப்பக்கம் இருப்பது வலப்பக்கம் இருக்கவே கூடாது என்று பார்ப்பவர் மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் நாம் குழப்பிக்கொள்ளும் சோடிகளில் பெரும்பாலானவை எதிரெதிரானவை அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடை.

ஒளிச்சேர்க்கையையும் சுவாசத்தையும் எடுத்துக்கொள். 'முன்னது பகலில், பின்னது இரவில்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். தாவரம் இரவு பகல் பாராமல் சுவாசித்துக்கொண்டேதான் இருக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால் ஆக்சிஜன் மிஞ்சி வெளியே வருகிறது, அவ்வளவுதான். மண்ணுக்குள் இருக்கும் வேருக்கு வெளிச்சமே கிடையாது, அது சுவாசிக்க மட்டுமே செய்கிறது. நீர் தேங்கி நின்றால் செடி வாடுவதும் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போவதால்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம் உன் மாணவியருக்கு அதிகம் தேவைப்படும். மூச்சுவிடுதல் வேறு, செல் சுவாசம் வேறு. நெஞ்சு விரிந்து சுருங்குவது காற்றை உள்ளே கொண்டுவர. அந்த ஆக்சிஜனைக் கொண்டு உணவிலிருந்து ஆற்றலை எடுப்பது செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பில் நடக்கும் வேலை. சயனைடு நஞ்சு என்ன செய்கிறது என்று சொல், வேறுபாடு தானாகவே விளங்கும். நுரையீரல் காற்றை வாங்குகிறது, இரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்தும் கடைசிப் படியைச் சயனைடு அடைத்துவிடுகிறது. செல்கள் எடுத்துக்கொள்ளாததால் சிரை இரத்தமும் பளிச்சென்ற சிவப்பாகத் திரும்பலாம். ஆக்சிஜன் நிறைய இருக்கும்போதே செல்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன.

தமனி, சிரை பாடத்தில் எனக்குத் தீராத ஒரு கோபம் உண்டு. 'தமனியில் ஆக்சிஜன் மிகுந்த இரத்தம், சிரையில் ஆக்சிஜன் குறைந்த இரத்தம்' என்று போட்டுவிட்டு, அடியில் சிறிய எழுத்தில் 'நுரையீரல் தமனியும் நுரையீரல் சிரையும் விதிவிலக்கு' என்பார்கள். அது விதிவிலக்கே அல்ல, விதியைத் தவறாக எழுதியதன் விளைவு. இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. இப்படித் தொடங்கினால் ஒரு விதிவிலக்கும் தேவையில்லை. கருவிலிருக்கும் குழந்தைக்கு நஞ்சுக்கொடியிலிருந்து ஆக்சிஜனைக் கொண்டுவருவது தொப்புள்கொடியின் சிரைதான் என்பதும் இயல்பாகப் புரியும்.

இனி நீ அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி. பிறவிக் குறைபாடு, மரபுவழி நோய். இவற்றை இரண்டு பத்தியில் அடைத்தால் மிச்சப்படுவது பொய்தான். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பிறக்கும்போதே இருந்ததா? மரபுப்பொருளில் மாற்றம் உண்டா? அந்த மாற்றம் பெற்றோரிடமிருந்து வந்ததா? மூன்றுக்கும் விடை தனித்தனி.

1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் பலருடைய தாய்மார்கள் கருவுற்ற தொடக்க மாதங்களில் ரூபெல்லா என்னும் வைரஸ் காய்ச்சல் கண்டவர்கள் என்று கவனித்துச் சொன்னார். அந்தக் கண்புரை பிறவியிலேயே வந்தது, ஆனால் மரபணுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூளை நரம்பு செல்களை மெல்ல அழிக்கும் ஹன்டிங்டன் நோய் இதற்கு நேர்மாறு. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு, கருவான நாளிலேயே மாறிய மரபணு உள்ளே இருக்கிறது. ஆனாலும் குழந்தை எந்தக் குறையுமின்றிப் பிறக்கும், அறிகுறிகள் பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள்தான் தலைகாட்டும். மரபுவழி வந்தது, பிறக்கும்போது தெரியாதது.

டவுன் நோய்க்குறி எந்தப் பத்தியில் போகும் என்று உன் வகுப்பில் கேட்டுப்பார். 21-ஆம் குரோமோசோம் கூடுதலாக ஒன்று இருப்பதே அதற்குக் காரணம் என்பது 1959-இல் வெளிவந்தது. ஆகவே அது மரபுப்பொருள் சார்ந்தது, பிறக்கும்போதே இருப்பது. ஆனால் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வழிவழியாக வந்தது அல்ல. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம் பிரிவதில் நேரும் பிசகு, பெரும்பாலும் முட்டையில் நேர்வது. பெற்றோரில் ஒருவரிடமுள்ள குரோமோசோம் இடமாற்றத்தால் வருவது சிறு பங்கே.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பிரசவ அறைக்கு வெளியே 'இது யார் பக்கத்துக் குறை?' என்ற விசாரணை தொடங்கும்போது அங்கே நிற்கப் போவது உன் மாணவிதான். 'பிறவியிலேயே உள்ளது' என்று அவள் சொல்வதைக் கேட்பவர்கள் 'பரம்பரையாக வந்தது' என்று எடுத்துக்கொண்டு தாயின் மேல் பழிபோடுவார்கள். அவள் வாயிலிருந்து வரும் ஒரு வாக்கியம் சரியாக இருப்பது மதிப்பெண்ணைவிடப் பெரிய காரியம்.

நோய்த்தொற்றும் நோயும் இப்படித்தான். காசநோய்க் கிருமி உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரைத் தொற்றியிருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆனால் தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கே வாழ்நாளில் நோயாக வெளிப்படுகிறது. மறைநிலையில் இருப்பவர் இருமுவதும் இல்லை, பிறருக்குப் பரப்புவதும் இல்லை. ஆனால் நோயில்லாதவர் பரப்பவே மாட்டார் என்று இதைப் பொதுவிதியாக்கிவிடாதே. நியூயார்க்கில் சமையல்காரியாக வேலை பார்த்த மேரி மல்லன் உடல்நலத்தோடு இருந்துகொண்டே டைபாய்டைப் பலருக்குக் கொடுத்தார். கிருமிக்குக் கிருமி கணக்கு மாறும்.

பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் மட்டும் தாராளமாக அட்டவணை போடு. இவை உண்மையிலேயே இரு வேறு வகைகள். பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவர் கட்டப்படுவதைக் கெடுக்கிறது, வைரஸுக்குச் சுவரே இல்லை. சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கேட்டு நிற்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

கடைசியாக உனக்காக ஒன்று, பாடத்திட்டத்தில் இல்லாதது. உடல் பழகிக்கொள்வதும் இனம் தகவமைவதும். சமவெளிக்காரர் 4,000 மீட்டர் உயரத்தில் சில வாரம் தங்கினால் சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் தூண்டுதலால் சிவப்பணுக்கள் பெருகும், ஹீமோகுளோபின் ஏறும். இறங்கி வந்தால் அதுவும் இறங்கிவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. தலைமுறை தலைமுறையாக அந்த உயரத்திலேயே வாழும் திபெத்தியர்களுக்கு ஹீமோகுளோபின் இன்னும் அதிகமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. அதே உயரத்துக்குப் பழகிய சமவெளிக்காரரைவிட அவர்களுக்குக் குறைவு. அவர்களிடம் பரவலாக உள்ள ஈபாஸ்1 மரபணுவின் ஒரு வடிவம் அந்த ஏற்றத்தை மட்டுப்படுத்துகிறது என்று 2010-இல் வந்த ஆய்வுகள் காட்டின. சிவப்பணு மிகுந்தால் இரத்தம் கெட்டியாகி இதயத்துக்குச் சுமையாகும். அவசரத்துக்கு உடல் செய்யும் ஏற்பாடு ஒரு திசையில் போக, இயற்கைத் தேர்வு எதிர்த்திசையில் போயிருக்கிறது. முதன்முதலில் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

தேர்வுத்தாளில் 'வேறுபடுத்துக' என்று கேட்பார்களே என்பாய். கேட்பார்கள், ஐந்து மதிப்பெண்ணும் உண்டு. பாடம் முடிந்த பிறகு கடைசி வாரத்தில் மாணவியரையே அட்டவணை போடச் சொல். எந்தெந்தச் சோடியில் நடுக்கோடு போட முடியாமல் தடுமாறினார்கள் என்பதை மட்டும் எனக்கு எழுது. எனக்கு அதில்தான் ஆவல்.

அன்புடன்,
அம்மா