பொருள்: சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் ஜெர்சி கடையில் இருப்பதாகச் சொல்லி அலைக்கழித்தது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
வியாசர்பாடி, சென்னை.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் சேவை எண்ணை அழைத்தும், கடைகளுக்கு நேரில் சென்றும், மின்னஞ்சல் அனுப்பியும் ஒழுங்கான பதில் எதுவும் கிடைக்காததால், இனி எழுத்தில் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று முடிவு செய்து இக்கடிதத்தை எழுதுகிறேன். என் ஆர்டர் விவரம், பணம் செலுத்திய ரசீது, தங்களிடமிருந்து வந்த குறுஞ்செய்திகள் அனைத்தும் தங்கள் கணினியிலேயே இருப்பதால் அவற்றை இங்கே மீண்டும் எழுதவில்லை. நான் கேட்டது எந்த ஜெர்சி என்பதும் தங்களுக்குத் தெரியும். தங்கள் இணையதளத்தில் தாங்களே படம் போட்டு, விலை போட்டு, "கடையில் கிடைக்கும்" என்று பச்சை எழுத்தில் காட்டிய அதே நீல நிற ஹோம் ஜெர்சிதான், சிறுவர் அளவு.

அந்தப் பச்சை எழுத்தை நம்பித்தான் ஒரு சனிக்கிழமை என் மகளை அழைத்துக்கொண்டு ஜீவா ரயில் நிலையத்தில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்து வேளச்சேரி வரை வந்தேன். தங்கள் கடையில் நுழைந்ததும் கண்ணில் பட்டது சுவர் முழுக்க மஞ்சள் ஜெர்சி. அதற்கு அடுத்த வரிசையில் அர்ஜென்டினா, அதற்கு அடுத்து ரியல் மாட்ரிட், மான்செஸ்டர் யுனைடெட். சென்னையின் எஃப்.சி. ஜெர்சி எங்கே என்று கேட்டபோது, பணியில் இருந்த தம்பி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, உள்ளே போய் வெகுநேரம் கழித்து, இறகுப் பந்து டப்பாக்கள் அடுக்கிய ஓர் அட்டைப் பெட்டியின் அடியிலிருந்து ஒரே ஒரு சட்டையை உருவிக்கொண்டு வந்தார். அது போன பருவத்து ஜெர்சி. பெரியவர்களுக்கான டபுள் எக்ஸெல் அளவு. மடித்த மடிப்பிலேயே கிடந்ததால் மார்பில் இருந்த விளம்பர எழுத்து ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது இரண்டு எழுத்துகள் உரிந்து வந்துவிட்டன. "சிஸ்டத்துல ஒண்ணு இருக்குன்னு காட்டுது இல்லைங்களா, அது இதுதாங்க" என்றார். அந்தத் தம்பியின் மீது எனக்குக் கோபமில்லை. அவர் மரியாதையாகவே பேசினார். ஆனால் பதினோரு வயதுப் பெண்ணுக்கு முழங்காலைத் தாண்டித் தொங்கும் ஒரு பழைய சட்டையைக் கணக்கில் வைத்துக்கொண்டு, ஊர் முழுவதற்கும் "கடையில் கிடைக்கும்" என்று அறிவிப்பது எந்த வகை வியாபாரம் என்று தங்களைப் பணிவோடு கேட்கிறேன்.

அங்கிருந்து அண்ணா நகர் கடைக்குப் போகச் சொன்னார்கள். அண்ணா நகரில், இந்த அணியின் பொருள்களைத் தாங்கள் எடுப்பதே இல்லை என்றார்கள். பிறகு இணையத்தில் ஆர்டர் போட்டு முழுப் பணத்தையும் செலுத்தினேன். அதற்கு நேர்ந்த கதியைப் பின்னால் சொல்கிறேன். ஏனென்றால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தப் பணம் அல்ல. தங்கள் சேவை எண்ணில் பேசிய ஓர் ஊழியரின் வாய்.

அவர் தன் பெயரைச் சொல்ல மறுத்தார். நான் பொறுமையாக, எந்தக் கடையில் எந்த அளவு இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன். அதற்கு அவர், "தோத்துக்கிட்டே இருக்கிற டீமுக்கு எவன் மேடம் ஜெர்சி வாங்குவான்? சிஎஸ்கே எடுத்துக்குங்க, புள்ளைங்களுக்கு அதான் புடிக்கும்" என்றார். என் மகள் பக்கத்தில் இருந்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அவளும் கேட்டாள். அவள் கால்பந்து ஆடுகிற பிள்ளை, கிரிக்கெட் ஜெர்சி எதற்கு என்று நான் கேட்டதற்கு, "அப்போ மெஸ்ஸி வாங்குங்க" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார். மீண்டும் அழைத்தால் அரை மணி நேரம் இசை. தங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுவதாகத் தொடக்கத்தில் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவைத் தாங்களே எடுத்துக் கேளுங்கள். பணம் கொடுத்துப் பொருள் கேட்கிற ஒரு பெண்ணிடம் இப்படிப் பேசத் தங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களா?

அவர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்து என்று தள்ளிவிட முடியாது. அண்ணா நகர் மேலாளரும் அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார். பருவம் தொடங்கப் பல மாதங்களுக்கு முன்பே ஆர்டர் கொடுக்க வேண்டுமாம். ஒவ்வொரு அளவிலும் குறைந்தபட்சம் இத்தனை எடுக்க வேண்டுமாம். அடுத்த ஆண்டு வடிவம் மாறிவிடுவதால் மீந்தது அப்படியே தேங்கிவிடுமாம். பெயர் அச்சிட்ட ஜெர்சியென்றால் அந்த ஆட்டக்காரர் வேறு அணிக்குப் போன நாளில் அது துணிக்குக்கூட ஆகாதாம். அணி வேறு இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டியில் 13 அணிகளில் 11-ஆவது இடத்தில் முடிந்திருக்கிறது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார். வியாபாரக் கஷ்டம் புரியாதவள் அல்ல நான். 2024-25 பருவம் எங்களுக்கு மோசமாகத்தான் முடிந்தது; அதற்கு முன்பும் 2020-21 முதல் 2022-23 வரை மூன்று பருவங்கள் தொடர்ந்து 8-ஆவது இடம். அதை நாங்கள் அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள்.

ஆனால் தோல்விதான் காரணம் என்றால், வென்றபோது ஜெர்சி எங்கே போயிற்று? 2018 மார்ச் 13 அன்று நேரு விளையாட்டரங்கில் கோவா அணியை 3-0 என்று வீழ்த்தி இறுதிப் போட்டிக்குப் போனோம்; அந்த மூன்றில் ஒரு கோலை அடித்தவர் எங்கள் வியாசர்பாடிப் பிள்ளை தனபால் கணேஷ். நான்கே நாளில் பெங்களூரு கண்டீரவா அரங்கத்தில் பெங்களூரு அணியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பையைக் கொண்டு வந்தார்கள். அந்த வாரம் கணேஷின் பெயர் போட்ட ஜெர்சிக்காக எங்கள் தெருப் பிள்ளைகள் அலையாத கடை இல்லை. அப்போது தங்கள் கடையில் சொன்ன பதில், "சீசன் முடிஞ்சிடுச்சு, அடுத்த சீசனுக்கு வரும்" என்பது. அடுத்த பருவத்தில் அணி கடைசி இடத்துக்குப் போனது. உடனே பதில், "டீம் தோக்குது, யாரும் கேக்க மாட்டாங்க" என்று மாறிவிட்டது. வென்றாலும் கிடைக்காது, தோற்றாலும் கிடைக்காது என்றால் தடை அணியிடம் இல்லை, தங்கள் கொள்முதலில்தான் இருக்கிறது.

கேரளா பிளாஸ்டர்ஸ் இன்று வரை ஒரு ஐ.எஸ்.எல். கோப்பைகூட வென்றதில்லை. 2014, 2016, 2021-22 என மூன்று முறை இறுதிப் போட்டியில் தோற்ற அணி அது. ஆனாலும் கொச்சியில் ஆட்டத்தன்று ரசிகர்களின் ஜெர்சியால் அரங்கமே மஞ்சளாக இருப்பதைத் தொலைக்காட்சியில் தாங்களும் பார்த்திருப்பீர்கள். சென்னையின் எஃப்.சி.யோ இரண்டு முறை சாம்பியன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊர் மூழ்கிக் கிடந்ததால் சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடி, அதிலும் வென்று, கோவாவில் கோப்பையைத் தூக்கிய அணி. இந்த அணிக்கு இந்த ஊரிலேயே ஒரு ரேக் ஒதுக்க மனமில்லை என்றால், யாரும் கேட்பதில்லை என்று தாங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? கண்ணில் படாத பொருளை யார் கேட்பார்கள்? கேட்டு வந்த என்னைத் தாங்கள் எந்தக் கணக்கில் எழுதினீர்கள்? விற்காது என்று வைக்காமல் இருப்பதும், வைக்காததால் விற்கவில்லை என்று அடுத்த ஆண்டு இன்னும் குறைத்து எடுப்பதும்தான் இத்தனை ஆண்டுகளாக நடக்கிறது.

நேரு விளையாட்டரங்கத்தின் வாசலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பெரியமேடு. விளையாட்டுப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவிலும் கேட்டுப் பார்த்தேன். கம்பெனிச் சரக்கு வருவதில்லை, வேண்டுமானால் வெறும் நீலச் சட்டையில் பெயரும் எண்ணும் அடித்துத் தருகிறோம் என்றார்கள். அசலுக்குக் காசு கொடுக்கத் தயாராக இருப்பவளைப் போலிச் சரக்கு வாங்கத் துரத்துவது தாங்கள்தான் என்பதைத் தங்கள் மேலிடம் உணர்ந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

இனி அந்த ஆர்டர் விஷயம். 1,299 ரூபாயை எடுத்துக்கொண்டு, அனுப்பிவிட்டோம் என்று செய்தி அனுப்பி, பிறகு தாமதம் என்று செய்தி அனுப்பி, இறுதியில் "கையிருப்பு இல்லாததால் ரத்து" என்று ஒரே வரியில் முடித்தீர்கள். பணம் என் வங்கிக் கணக்குக்குத் திரும்பவில்லை. தங்கள் கடையில் மட்டும் செல்லுபடியாகும் கூப்பனாக, அதுவும் மூன்று மாதக் கெடுவோடு வந்திருக்கிறது. தங்களிடம் இல்லாத பொருளுக்காகத் தங்களிடம் வேறு பொருள் வாங்கியே தீர வேண்டும் என்று என்னைக் கட்டாயப்படுத்தத் தங்களுக்கு என்ன உரிமை?

இதனால் எனக்கு ஏற்பட்ட நஷ்டம் 1,299 ரூபாய் என்று தாங்கள் கணக்குப் போடக் கூடாது. என் மகளுக்கு ஒரு பருவமே பறிபோய்விட்டது. நேரு அரங்கத்தில் சூப்பர் மச்சான்ஸ் என்ற ரசிகர் கூட்டத்துக்கு நடுவில், பள்ளி விளையாட்டு நாளுக்குத் தைத்த வெறும் நீலச் சட்டையில் அவளை உட்கார வைத்தேன். அவள் பயிற்சிக்குப் போகும் மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கடல் கடந்த அணிகளின் சட்டையில் ஓடுகிறார்கள். சொந்த ஊர் அணியின் பெயரை முதுகில் சுமக்க ஆசைப்பட்டவள் இவள் ஒருத்திதான், அவள் காதுபடத் தங்கள் ஊழியர் அப்படிப் பேசினார். அந்த மன உளைச்சலுக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது. வடசென்னையில் கால்பந்து என்றால் என்ன என்பது தெரிந்த எவரும் இதை மிகை என்று சொல்ல மாட்டார்கள்.

ஆகவே, தாங்கள் நியாயமாக நடந்துகொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். கூப்பனை ரத்து செய்து முழுத் தொகையையும் நான் செலுத்திய கணக்கிலேயே திருப்பிச் செலுத்துங்கள். இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டும் அறிவிப்பை இணையதளத்திலிருந்து உடனே நீக்குங்கள். இருக்கிற இடத்தில் எந்த அளவு, எந்தப் பருவத்து ஜெர்சி என்பதைச் சேர்த்துப் போடுங்கள். வரும் பருவத்துக்கு ஆர்டர் கொடுக்கும்போது, சென்னையில் உள்ள ஒரு கடையிலாவது சிறுவர் அளவுகளை எடுப்பீர்களா, மாட்டீர்களா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். முன்பணம் கேட்டாலும் தரத் தயாராக இருக்கிறேன். என் தெருவிலேயே இன்னும் பல வீடுகளில் தருவார்கள். அந்த ஊழியர் என் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் எந்தச் சமரசமும் இல்லை.

மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிப்பதும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைப்பதும் குறைதீர் அலுவலரின் கடமை. முந்தைய மின்னஞ்சல்களுக்கு அந்த ஒப்புதல்கூட வரவில்லை. இம்முறையும் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, வடசென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. நான் வசிக்கும் இடத்திலேயே தொடுக்கலாம் என்பதால், தங்கள் தலைமை அலுவலகத்திலிருந்துதான் யாராவது இங்கே வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த நிலைக்கு என்னைத் தள்ள மாட்டீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

தயவுசெய்து பதிலைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ, பொறுப்பான அலுவலரின் பெயரோடும் பதவியோடும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்.

இணைப்பு: பணம் செலுத்திய ரசீது, ரத்துச் செய்தி, "கடையில் கிடைக்கும்" என்று காட்டிய திரைப்பிடிப்பு, வேளச்சேரி கடையில் எடுத்த ஜெர்சியின் படம்.