தோட்டத்து மண்ணுக்கு பூப்பாய் விரிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செடிங்களுக்கு நடுவுல இருக்குற வெறும் மண்ணுல டைல்ஸ் ஒட்டலாம், ஜல்லி கொட்டலாம், பிளாஸ்டிக் புல் விரிக்கலாம்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரையைப் படிச்சதும் மனசுக்கு கஷ்டமாயிடுச்சு, தரையோட தரையா படர்ந்து வருஷக்கணக்கா இருந்து பூக்குற செடிங்க எவ்வளவோ இருக்கு, அதைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே.

நான் வச்சிருக்குறது பொடுதலை. கணுவுக்கு கணு வேர் விட்டு பாய் மாதிரி பின்னிக்கும். பூ தம்மாத்தூண்டுதான், நடுவுல கருஞ்சிவப்பா ஒரு குமிழ், அதைச் சுத்தி வெள்ளையும் இளம் ஊதாவுமா ஒரு வளையம், நாளாக ஆக அந்த வளையம் கீழேருந்து மேல ஏறிட்டே போகும். தேனீ மொய்க்கும், அதனால குழந்தைங்க வெறுங்கால்ல ஓடுற இடத்துல மட்டும் வேணாம். உச்சி வெயில்ல அந்தப் பாயை லேசா தூக்கிப் பாத்தா மண்ணு சில்லுனு ஈரமா இருக்கு, நாங்கூழ், அதான் மண்புழு, கழிச்ச மண்ணு உருண்டை உருண்டையா கெடக்கு. ரெண்டடி தள்ளி மூடாத மண்ணு வெடிச்சுக் கெடக்கு.

ஆனா நட்டுட்டா களையே வராதுன்னு நம்பிடாதீங்க. நான் கோரையை மேலாக்க பிடுங்கிட்டு நட்டுட்டேன், அடியில கிழங்கு இருந்திருக்கு, பாயைத் துளைச்சுட்டு வந்துடுச்சு, கடைசில பாதியைப் பேத்தெடுத்து கிழங்கு கிழங்கா பொறுக்கி மறுபடி நட்டேன். முதல்ல அந்தக் கோரைக் கிழங்கை ஒழிச்சுட்டு ஒரு சாணுக்கு ஒரு தண்டு வைங்க, இடைவெளி மூடுற வரைக்கும் கையால களை எடுத்துதான் ஆகணும்.

லேசா நிழல் விழுற இடமா இருந்தா மஞ்சப் பூ பூக்குற பின்டோ நிலக்கடலை நல்லா வரும், பயறு குடும்பம்ங்குறதால மண்ணுக்கு தழைச்சத்தும் சேரும். அதே மஞ்சள்ல வெடேலியான்னு ஒண்ணு தருவாங்க, தயவுசெஞ்சு வாங்காதீங்க, உலகத்துலயே மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் பட்டியல்ல இருக்குற செடி அது, தண்டு ஒரு துண்டு வெளிய விழுந்தாலும் வேர் பிடிச்சு மத்த செடியை அமுக்கிடும்.

அடுத்து இதைப் பத்தி போடும்போது நட்ட புதுசுல எடுத்த போட்டோவும் சேர்த்துப் போடுங்க ஐயா, திட்டு திட்டா இருக்குறதைப் பாத்து பயந்து பாதியில பிடுங்கிப் போடுறவங்க நிறைய பேர் இருக்காங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி