மாதிரி ரயில் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடங்கலின்றி நடந்தன. புதியவர்கள் சேர்ந்திருக்கிறார்கள், சந்தா பாக்கியும் வழக்கம்போல இருக்கிறது. தணிக்கை முடிந்த கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே, இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் பிடித்துக்கொண்ட வேலைக்கே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன்.

பொது லேஅவுட்டின், அதாவது தண்டவாளமும் கட்டடங்களும் சேர்ந்த நம் மாதிரி அமைப்பின், ஸ்டேஷன் பகுதிக்குக் கிட் (ஒட்டிச் சேர்க்கும் ஆயத்தப் பாகங்கள்) வாங்குவதில்லை, கட்டடங்களை நாமே செய்வது என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. தீர்மானம் போடுவது சுலபம். பிளான் எங்கே என்ற கேள்வி மறுநாளே வந்துவிட்டது. அதற்காகத்தான் வரைபடக் குழு அமைத்தோம்.

குழுவுக்கு முதலில் கை கொடுத்தது அமெரிக்க அரசின் பழைய கட்டடங்கள் அளவாய்வு. 1933இல் தொடங்கிய திட்டம் அது. பொறியியல் கட்டுமானங்களுக்கென்று 1969இல் ஒரு தனிப் பிரிவும் வந்தது. வேலையில்லாமல் இருந்த கட்டடக் கலைஞர்களை வைத்து ஆரம்பித்தது இன்று பெரும் களஞ்சியமாகிவிட்டது. ஸ்டேஷன், இன்ஜின் ஷெட், பாலம், ஆலை என்று நேரில் அளந்து வரைந்த தாள்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. பெரிய அளவுக் கோப்பாக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமைத் தடையும் இல்லை. ஜன்னல் சட்டத்தின் குறுக்குவெட்டு வரை வரைந்திருப்பார்கள்.

அடுத்தது சான்பார்ன் என்ற அமெரிக்க நிறுவனம் போட்ட தீ காப்பீட்டு நகர வரைபடங்கள். கட்டடம் செங்கல்லா, மரமா, எத்தனை மாடி என்பதை நிறத்தாலும் எண்ணாலும் சொல்பவை: இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம், நீலம் என்றால் கல். ஓர் அங்குலத்துக்கு 50 அடி, அதாவது 1:600 என்பது இவற்றின் வழக்கமான அளவு. எச்ஓ (HO) என்ற மாதிரி ரயில் ஸ்கேலுக்கு, அதாவது நிஜத்தில் 87.1இல் ஒரு பங்குக்கு, கொண்டுவர ஏறத்தாழ ஏழு மடங்கு பெருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடே நிஜத்தில் 30 சென்டிமீட்டர் சுவரை விழுங்கிவிடும் என்பதால், எந்தக் கட்டடம் எங்கே நின்றது, சுமாராக எவ்வளவு நீளம் என்பதற்கு மேல் இவற்றிடம் கேட்கக் கூடாது.

ரயில்வே நிர்வாகங்களின் ஸ்டாண்டர்ட் டிராயிங்குகளை நம்மில் பலர் மறந்தே விடுகிறோம். சிறு ஸ்டேஷன், கேங்மேன் குடிசை, தண்ணீர்த் தொட்டி போன்றவற்றை ஒரே பிளானில் பல இடங்களில் கட்டினார்கள். நாம் தேடும் ஸ்டேஷனின் பிளான் கிடைக்காவிட்டாலும், அதே தடத்தில் இருந்த இன்னொரு ஸ்டேஷனின் பிளான் கிடைத்தால் போதும்.

சரி, பிளான் கிடைத்தாயிற்று. அப்புறம்தான் உண்மையான தலைவலி. ‘கால் அங்குலம் ஓர் அடிக்குச் சமம்’ என்று தாளின் மூலையில் எழுதியிருக்கும். அது 1:48, அதே அளவில் மாதிரி செய்யும் ஓ (O) ஸ்கேல்காரர்களுக்கு அப்படியே பொருந்தும். எச்ஓ 1:87.1 என்பதால் 55.1 சதவீதம், ‘என்’ (N) ஸ்கேல் 1:160 என்பதால் 30 சதவீதம் என்று கணக்குப் போட்டுப் பலர் நேரே ஜெராக்ஸ் மெஷினுக்குப் போய்விட்டார்கள். மூலத் தாள் முழு அளவில் கையில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். பத்திரிகையிலோ கோப்பிலோ படத்தைச் சுருக்கிவிட்டிருப்பார்கள். மூலையில் உள்ள எழுத்து மட்டும் பழைய ஸ்கேலையே சொல்லிக்கொண்டிருக்கும். தாளோடு சேர்ந்து சுருங்குவது, இத்தனை அடி என்று குறித்து அடியில் போட்டிருக்கும் அளவுக்கோடு மட்டுமே. அதைத்தான் நம்ப வேண்டும்.

இதைச் சரிபார்க்கக் குழு ஓர் எளிய வழி வைத்திருக்கிறது. எச்ஓவில் ஓர் அடி 3.5 மில்லிமீட்டர். ஆகவே 20 அடி அளவுக்கோடு அச்சில் 70 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற ஓஓ (OO) ஸ்கேலில் 80, ‘என்’ ஸ்கேலில் 38.1, 1:48 ஓவில் 127. ஒரு கூட்டத்துக்கு உறுப்பினர் ஒருவர் சிக்னல் கேபின் பிரிண்டைக் கொண்டுவந்தார். சதவீதக் கணக்கில் பிழையே இல்லை. காலிப்பரை (நுண்ணளவுக் கருவி) வைத்தால் 70 இருக்க வேண்டிய கோடு 66. பிரிண்டரில் ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வு அணைக்கப்படாமல் இருந்திருக்கிறது. சில ஜெராக்ஸ் மெஷின்கள் நீளவாட்டில் ஒரு மாதிரியும் அகலவாட்டில் ஒரு மாதிரியும் இழுக்கும். அதனால் இரண்டு பக்கமும் அளந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பிளானில் எண்ணாக எழுதிய அளவு இருந்தால், கோட்டை அளந்து வரும் அளவைவிட அதற்கே முதலிடம். எந்த டிராப்ட்ஸ்மேனைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

பிளானே இல்லாத சரக்குக் கொட்டகைக்கு ஒரு பழைய புகைப்படம்தான் கதி. அதில் வேலை பார்த்த நம் மூத்த உறுப்பினர் எடுத்த எடுப்பில் ஸ்கேலைத் தொடவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துச் செங்கல் வரிசைகளை எண்ணினார். பிரிட்டிஷ் வழக்கச் செங்கல் 65 மில்லிமீட்டர், சாந்து 10, ஆக ஒரு வரிசைக்கு 75. தரையிலிருந்து கூரை விளிம்பு வரை 52 வரிசை, அதாவது 3.9 மீட்டர், எச்ஓவில் 44.8 மில்லிமீட்டர். அதே சுவரில் இருந்த சிறு கதவு 26 வரிசைக்குச் சற்று மேலே முடிந்தது. ஆறரை அடிக் கதவுக்கு அது சரியான உயரம், எனவே கணக்கு நம்பத்தக்கது என்று குழு ஏற்றுக்கொண்டது.

தண்டவாளங்களின் இடைவெளியை (கேஜ்) அளவுகோலாக எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. படத்தில் இருப்பது 1435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்ட் கேஜா, 1676 பிராட் கேஜா என்று முதலில் தெரிய வேண்டும். முன்னதைப் பின்னதென்று நினைத்துவிட்டால் கட்டடம் ஆறில் ஒரு பங்கு வீங்கிவிடும். தண்டவாளமும் சுவரும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதும் அபூர்வம். புதிதாகப் படம் எடுப்பவர்கள் அடிக்கு அடி கறுப்பு வெள்ளை பூசிய குச்சியைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, தள்ளி நின்று நேர்முகமாக எடுத்தால் இத்தனை துப்பறிதல் தேவைப்படாது.

நீளத்தைக் குறைப்பது பற்றிய விவாதம் அரங்கைப் பூட்டும் நேரத்தையும் தாண்டியது. கொட்டகை நிஜத்தில் 30 மீட்டர், எச்ஓவில் 34 சென்டிமீட்டருக்கு மேல். நமக்கு இருக்கும் இடமோ 21. மொத்தத்தையும் சுருக்கிவிடலாம் என்றனர் சிலர். கதவும் சேர்ந்து சுருங்கினால் அதில் எந்தப் பொம்மை ஆளும் நுழைய முடியாது என்பது என் கட்சி. மூன்று மீட்டர் கண்ணி, அதாவது ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் சுவர்ப் பகுதி, பத்தில் நான்கை எடுத்துவிட்டு ஆறாகச் செய்வது, கதவு, ஜன்னல், செங்கல் எதையும் தொடாமல் விடுவது என்று முடிவாயிற்று. 207 மில்லிமீட்டரில் கட்டடம் உட்கார்ந்துவிட்டது. எதிர்த்தவர்கள் இன்னும் அதைக் ‘குட்டைக் கொட்டகை’ என்றுதான் அழைக்கிறார்கள்.

சுவருக்கான ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டின் தடிமனைக் கழிக்காமல் வெட்டுவது இந்த ஆண்டும் தொடர்ந்தது. பிளானில் உள்ளது வெளி அளவு. நான்கு சுவரையும் அதே நீளத்தில் வெட்டி, ஒன்றின் முனையில் மற்றொன்றை ஒட்டினால், ஒரு மில்லிமீட்டர் தகடு இரு பக்கமும் சேர்ந்து இரண்டு மில்லிமீட்டர் கூட்டிவிடும். நிஜத்தில் அது 17 சென்டிமீட்டர். கூரை பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம், கூரை வெட்டியவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நூலகத்தில் சேரும் ஒவ்வொரு வரைபடத்திலும் அளவுக்கோடும், தெரிந்த ஓர் அளவும், எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். இவை இல்லாத தாளை ஏற்பதில்லை என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். அடுத்த ஆண்டுக்கு இன்ஜின் ஷெட்டும் தண்ணீர்த் தொட்டியும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வளைந்த பரப்பை வெட்டிப் பழகியவர்கள் பெயர் கொடுக்கலாம். சங்கத்தின் காலிப்பரை எடுத்துச் சென்றவர் யாராக இருந்தாலும், அடுத்த கூட்டத்துக்குள் திருப்பித் தந்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்