முதியோர் இல்லம் நடத்துகிறவர்களுக்கு: கேள்வியை என் அம்மாவிடம் கேளுங்கள்

முதியோர் இல்லங்களை நடத்தும் எல்லோருக்கும் வணக்கம்.

என் அம்மாவை உங்களில் ஒருவரின் இல்லத்தில் சேர்த்து ஒன்றரை வருடம் ஆகிறது. எந்த இல்லம் என்று சொல்லப்போவதில்லை. அதற்கு முன் நாங்கள் ஏறி இறங்கிய ஐந்து இல்லங்களிலும் ஏறக்குறைய இதே கதைதான், ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமில்லை.

சேர்க்கிற அன்று அலுவலக அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று நாற்காலிகள். நடுவில் நான், ஒரு பக்கம் தம்பி, இன்னொரு பக்கம் அம்மா. "அம்மா எத்தனை மணிக்கு எழுந்திருப்பாங்க?" என்று மேலாளர் என்னைக் கேட்டார். ஆறு மணி என்றேன். "தனியா குளிப்பாங்களா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பாங்க? கோபம் வருமா?" எல்லாவற்றுக்கும் நான்தான் பதில். அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவர், ஏழாவதோ எட்டாவதோ கேள்வியில் நிமிர்ந்து, "நான் நாலரைக்கே எழுந்திருவேன், இவளுக்கு எப்படித் தெரியும், இவ எட்டு மணி வரைக்கும் தூங்குவா" என்றார். எல்லோரும் சிரித்தோம். மேலாளரும் சிரித்தார். ஆனால் படிவத்தில் எழுதிய ஆறை அவர் அடிக்கவில்லை.

அந்த ஆறைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அம்மா ராத்திரி குளியலறையில் இரண்டாவது முறை விழுந்த பிறகு நாங்கள் மூன்று பிள்ளைகளும் மூன்று வாரம் வீடியோவில் பேசினோம். கட்டணம், தூரம், மருத்துவர் வருவாரா, கட்டில் காலியாக இருக்கிறதா என்று தங்கை அட்டவணையே போட்டாள். சுவரில் கைப்பிடி, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ராத்திரி விளக்கு, பகலில் கூட இருக்க ஒருவர், இதெல்லாம் முதல் விழுகையின்போதே செய்திருக்க வேண்டியவை என்பது அட்டவணை முடிந்த பிறகுதான் உறைத்தது. இந்த மூன்று வாரமும் அம்மா பக்கத்து அறையில்தான் இருந்தார். காது மந்தம், கேட்காது என்று நினைத்தோம். எல்லாம் கேட்டிருக்கிறது. கடைசி நாள் நாங்கள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தபோது, "எந்த இடம்னு முடிவாயிடுச்சா?" என்று அவரே கேட்டார்.

ஆக, அவரைக் கேட்காமல் விடும் பழக்கத்தைத் தொடங்கியது நாங்கள். நீங்கள் அதைத் தொடர்ந்தீர்கள், அவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு இது வாழ்க்கையில் ஒருமுறை வரும் முடிவு, பயத்தில் எடுத்தோம். உங்களுக்கு இது தினசரி வேலை. தடுக்கக்கூடிய இடத்தில் இருப்பவர் நீங்கள்தான்.

உங்கள் படிவத்தை வீட்டுக்கு வந்து இன்னொரு முறை பார்த்தேன். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, தானே சாப்பிடுவது என்று ஆறு கட்டங்கள். இது அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவர் குழுவும் 1963 இல் வெளியிட்ட அளவுகோல், இன்றும் உலகம் முழுக்க இதைத்தான் ஏதாவது ஒரு வடிவில் பயன்படுத்துகிறார்கள். பயனுள்ளதுதான், மறுக்கவில்லை. ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று அது சொல்லும். வந்திருப்பது யார் என்று சொல்லாது. முப்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்து எங்கள் மூவரையும் படிக்க வைத்தவர் என்பதை எழுத அதில் ஒரு கட்டமும் இல்லை. மெஷினைக் கொண்டுவரலாமா என்று அம்மா கேட்டதற்கு ஊசி ஆபத்து, அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சொன்னதும் என்னிடம்தான்.

முதல் மூன்று வாரம் என்ன நடந்தது தெரியுமா? அம்மா பகலெல்லாம் தூங்கினார், ராத்திரி யாரையோ கூப்பிட்டார், என்னைப் பார்த்து நீ எப்போ வந்தே என்று ஒரே மணி நேரத்தில் நான்கு முறை கேட்டார். "மறதி நோய் ஆரம்பிச்சிருக்கு, இந்த வயசில சகஜம்" என்றார்கள். நானும் நம்பினேன். நான்காவது வாரம் தம்பி போனபோது மேசை இழுப்பறையில் அம்மாவின் காதுக் கருவி கிடந்தது, பேட்டரி தீர்ந்து. ராத்திரி தூங்கவில்லை என்று டயஸெபாம் என்ற அமைதிப்படுத்தும் மாத்திரையை வேறு புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். நாலரைக்கு எழுந்து விளக்கைப் போட்டதைத் தூக்கமின்மை என்று எழுதியிருந்தார்கள். படிவத்தில் ஆறு மணி என்றல்லவா இருக்கிறது!

டயஸெபாம் வயதானவர்களின் உடம்பிலிருந்து இறங்க நாட்கணக்கில் ஆகும், குழப்பத்தையும் விழும் அபாயத்தையும் கூட்டும். இது நான் கண்டுபிடித்ததல்ல, முதியோர் மருத்துவர்கள் பல வருடமாகச் சொல்லிவருவது. திடீரென்று சில நாளில் வருகிற குழப்பத்தை மறதி நோய் என்று எழுதிவிடக்கூடாது என்பதும் அப்படித்தான். மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வரும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று தடுமாறினால் சிறுநீர்த் தொற்று, தண்ணீர் குறைவு, மலச்சிக்கல், புது மாத்திரை, இடமாற்றம் என்று தேடிப்பார்க்க வேண்டும். மருத்துவர் சொன்னபடி மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள், பேட்டரியும் மாற்றியாயிற்று. பத்தே நாளில் பழைய அம்மா பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டார். வந்ததும் முதல் வேலையாக எங்களைத் திட்டினார். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

அப்புறம் அந்தச் சக்கர நாற்காலி. அம்மா தானே நடந்து வந்தவர். நடந்தால் விழுந்துவிடுவார் என்று சாப்பாட்டு அறைக்குக்கூடத் தள்ளிக்கொண்டு போனார்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. உலகில் வருடத்துக்கு 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது, அதில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். யாராவது விழுந்தால் உங்களிடம் முதலில் கத்தப்போவது என்னைப் போன்ற பிள்ளைகள்தான், நானே கத்தியிருக்கிறேன். ஆனால் ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2007 இல் வெளியானது, அந்தப் பத்து நாளில் கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான தசை போய்விட்டது. உட்கார வைப்பதும் படுக்க வைப்பதும் ஒன்றல்ல, சரி. ஆனால் நடக்காத கால் பலம் இழக்கும், பலமிழந்த கால்தான் விழும். விழக்கூடாது என்று உட்கார வைத்தே விழுகிறவராக ஆக்கிவிடலாம். இந்தப் பேரத்தில் எதை ஏற்றுக்கொள்வது என்பதை அம்மாவிடம் கேட்டிருந்தால், "விழுந்தா விழறேன், நடக்க விடு" என்றிருப்பார். உங்களிடம் ஆள் குறைவு, ராத்திரி இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கூட நடக்க ஆளில்லை என்றால் ஆளில்லை என்று சொல்லுங்கள், ஆபத்து என்று சொல்லாதீர்கள்.

1976 இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்று இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து இல்லம் ஒன்றில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை உங்கள் விருப்பப்படி அடுக்கிக்கொள்ளுங்கள், வேண்டுமானால் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து நீங்களே தண்ணீர் ஊற்றி வளருங்கள் என்றார்கள். இன்னொரு மாடியில் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிச் செடியையும் கொடுத்து, தண்ணீர் ஊற்றுவதைச் செவிலியரிடம் விட்டார்கள். மூன்று வாரம் கழித்து முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். சின்ன ஆய்வுதான், அதை வைத்துப் பின்னால் சொல்லப்பட்ட பெரிய பெரிய முடிவுகளை நான் நம்பச் சொல்லவில்லை. ஆனால் ஒரு செடிக்கே இப்படி என்றால், எழுந்திருக்கும் நேரத்தை அவர் கையில் கொடுப்பதற்கு என்ன செலவாகிவிடும்? ஐ.நா. பொதுச்சபை 1991 டிசம்பரில் முதியோருக்கென்று ஏற்ற 18 கோட்பாடுகளில் ஒன்று, இல்லங்களில் வசிக்கும்போதும் தங்கள் பராமரிப்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. முப்பது வருடம் தாண்டிவிட்டது, படிவத்துக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

அடுத்து ஒருவர் சேர வரும்போது, பிள்ளைகளைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். காதுக் கருவி காதில் இருக்கிறதா, கண்ணாடி துடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவரிடமே பேசுங்கள். நிஜமாகவே மறதி நோய் இருப்பவராக இருந்தாலும் கேளுங்கள். "என்ன உடுத்துறீங்க" என்றால் திணறுவார், இரண்டு உடையைக் காட்டினால் கையை நீட்டிச் சொல்லிவிடுவார். புது மாத்திரை எதைத் தொடங்கினாலும் ஏன், எதுவரை என்று அவருக்கும் எங்களுக்கும் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு வாரம் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று நீங்களே அழையுங்கள். நாங்கள் மூன்றாம் நாளே அம்மாவின் வீட்டைக் காலிசெய்யத் தொடங்கிவிட்டோம், திரும்பிப் போக வழி இருக்கும்போது இருப்பதும் வழியே இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

இல்லத்தில் சேர்த்ததற்காக நான் வருந்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நான் தனியாகப் பார்த்துக்கொண்ட கடைசி எட்டு மாதம் நான் நல்ல மகளாக இல்லை; தூக்கமில்லாமல், எரிந்து விழுந்துகொண்டு. இப்போது போனால் உட்கார்ந்து பேசுகிறோம்.

படிவத்தில் ஆறை அடித்து நாலரை என்று போன மாதம் மாற்றினார்கள். தையல் மெஷினும் வந்துவிட்டது, பொது அறையின் ஜன்னல் ஓரமாக, ஊசி மட்டும் வார்டனிடம். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அம்மா கேட்டு வாங்கிக்கொள்கிறார். பணியாளர்களின் சீருடையில் பிய்ந்த பொத்தானெல்லாம் இப்போது அம்மாவிடம்தான் வருகிறதாம். கத்தரிக்கோல் இன்னும் உங்கள் அலமாரியில் பூட்டியபடி இருக்கிறது, நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார். அவருக்கு மிச்சமிருக்கும் பற்கள் ஒன்பது. கொஞ்சம் யோசியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்