ஷெரீஃப் தேர்தலில் கூட நின்றவர்களுக்கு

வட கரோலினாவின் ஷார்லட் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

2018 மே 8 அன்று நடந்த ஜனநாயகக் கட்சி பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல், முடிந்த அன்றே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. ஜெயித்தவர் சொன்னதைச் செய்கிறாரா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று டிசம்பர் வரை காத்திருந்தேன். புதிய ஷெரீஃப் கேரி மெக்ஃபேடன் பதவியேற்ற கையோடு, குடியேற்றத் துறையோடு இருந்த 287 ஜி ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டார். இப்போது மனம் நிறைய நன்றி சொல்கிறேன்.

நாம் வேலையில் இறங்கியபோது ஷெரீஃப் என்ன செய்கிறவர் என்பதே நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. எங்கள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஒரு பழைய கவரின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டிய பெரியவருக்கு முதல் நன்றி. "பிடிக்கிறது பெரும்பாலும் ஷார்லட் போலீஸ். பூட்டி வைக்கிறது ஷெரீஃப். சாவி யார் கையில இருக்கணும்னு நாமதான் ஓட்டுப் போட்டுச் சொல்றோம்." அந்தக் கவரைப் படம் பிடித்து எத்தனை பேருக்கு அனுப்பினோம்! ஷார்லட் இருக்கும் மெக்லன்பர்க் கவுண்டியில் சிறையும் நீதிமன்றப் பாதுகாப்பும்தான் ஷெரீஃபின் முக்கிய வேலை என்பது அப்புறம்தான் பலருக்குப் பிடிபட்டது.

287 ஜி 2006 முதல் இங்கே நடைமுறையில் இருந்தது. சிறைக்குள் கொண்டுவரப்படுகிறவர் எங்கே பிறந்தவர் என்று விசாரித்து, ஆவணம் இல்லாதவரைக் குடியேற்றத் துறையிடம் விடும் ஏற்பாடு. உரிமம் இல்லாமல் கார் ஓட்டிப் பிடிபட்டவருக்கும் இதே கதிதான். ஆவணம் இல்லாதவர்களுக்கு இந்த மாநிலத்தில் உரிமமே கிடைக்காது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

"நாம வரிசையில நின்னு வந்தோமே, சட்டம் சட்டம்தானே?" என்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கும் தங்கை ஒருத்திதான் பேசினாள். "எனக்கு எல்லாப் பேப்பரும் இருக்குண்ணா. ஆனாலும் 911-ல போலீஸைக் கூப்பிடப் பயமா இருக்கும். பேப்பர் இல்லாதவ அடிபட்டா யாரைக் கூப்பிடுவா?" அண்ணன் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். முன்கூட்டியே வாக்களிக்க நம் பெரியவர்களை ஏற்றிப் போனது அந்த வேன்தான். தங்கைக்கோ ஓட்டே கிடையாது. மாலை மாலையாக வந்து கவர்களுக்கு முகவரி எழுதினாள். அம்மா, உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கட்சி சாராதவராகப் பதிந்திருந்தால் பிரைமரியில் வாக்களிக்க முடியாது என்று நம்மில் பலர் நினைத்திருந்தார்கள். வட கரோலினாவில் முடியும். அதை வீடு வீடாகப் போன் போட்டுச் சொன்ன பாலன்டைன் பகுதி அக்காவுக்கு நன்றி. நவம்பரில் குடியரசுக் கட்சி யாரையும் நிறுத்தாததால் பிரைமரியிலேயே முடிவு தெரிந்துவிட்டது. அந்த ஓட்டுகள் அவ்வளவு முக்கியம்.

மெக்ஃபேடன் தந்த வாக்குறுதிகளில் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்று, சிறையில் இருப்பவரைக் குடும்பத்தினர் திரையில் மட்டும் பார்க்கும் நிலை போய், மறுபடி நேரில் பார்க்க வேண்டும். இன்னொன்று, சிறையில் இருக்கும் இளம் பிள்ளைகளைத் தனிமையில் அடைக்கக் கூடாது. 16, 17 வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களாகவே கருதி வழக்குப் போடும் வழக்கம் இந்த மாநிலத்தில் 2019 டிசம்பரில்தான் முடியப்போகிறது. அதுவரை ஒரு பிள்ளையும் தனி அறையில் நாள் எண்ணிக்கொண்டு கிடக்கக் கூடாது. எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது. 2019 ஜனவரியில் இதைக் கேட்டு ஷெரீஃப் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறோம். கையெழுத்துப் போட வாருங்கள்.

எலுமிச்சை சாதம் வந்த பெரிய எவர்சில்வர் தூக்கு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கொடுத்தவர் வரும்போது மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.